எட்டுப் படையலும் என் நாடியும்

மாமாவின் எட்டுப் படையல் அன்று பின்னேரம் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். மாமி. என் மனைவி. அவளுடைய அண்ணன், பெரிய மச்சான். அவளுடைய தம்பி, சின்ன மச்சான். நான். பிறகு மாமா, என் மனைவியின் அப்பா. அவர் கதிரையில் படமாக இருந்தார்.

மற்ற ஆட்கள் மத்தியானம் சாப்பிட்டுப் போய்விட்டார்கள்.

செத்தவருக்கு எட்டாம் நாள் அவருக்கு விருப்பமானதைப் படைப்பது வழக்கம். மாமாவின் விருப்பங்கள் கொஞ்சம்தான். ஆட்டிறைச்சி, பொரித்த மீன், சுருட்டு, சாராயம். வாழையிலை போட்டுச் சாப்பாட்டை வைத்தோம். பெரிய மச்சான் போத்தலைத் திறந்து மாமாவின் பேணியில் ஊற்றினார். மற்றதை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். மாமா உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பேணி எடுப்பார். அதற்கு மேல் இல்லை.

மாமாவின் ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. படைத்த சாப்பாட்டை ஊருக்குக் கொடுக்கலாம். படைத்த போத்தலைக் கொடுக்கக் கூடாது. பொழுதுபட முதல் வீட்டு ஆம்பிளைகள் அதை முடித்து, வெறும் போத்தலை வாசல் படலைக்கு வெளியே கவிழ்த்து வைக்க வேண்டும். மிஞ்சினால் செத்தவர் மிச்சத்தைத் தேடி வருவாராம். அவர் வந்தால் என்ன, அவருடைய வீடுதானே என்று நான் கேட்டேன்.

வீட்டு ஆம்பிளைகள் மூன்று பேர். சின்ன மச்சான் ஓட்டோ ஓட்டுகிறவர். பின்னேரம் தூரத்து ஆட்களைக் கொண்டுபோய் விடும் வேலை அவருக்கு இருந்தது. பெரிய மச்சான் காலையிலேயே வேறொரு போத்தலோடு தொடங்கிவிட்டார். மூன்று மணிக்கு அவருக்குக் கண் பாதி மூடியிருந்தது. மிஞ்சியவன் நான்.

நான் குடிப்பதில்லை. என் அப்பா குடித்தவர். ஒரு குடும்பத்துக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் மலைநாட்டில் இருந்து தருமபுரத்துக்கு வந்த ஆட்கள். நான் உருத்திரபுரத்தில் கலியாணம் செய்தேன். மலைநாட்டு ஆள் மருமகனாக வந்தது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருடம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு சண்டையில் எல்லோரும் இடம்பெயர்ந்து ஒரே தறப்பாளுக்குக் கீழே படுக்க வேண்டி வந்தது. அங்கே கதைத்தார். "உந்தக் கயிறை இழுத்துக் கட்டு" என்பது அவர் என்னோடு பேசிய முதல் சொல். திரும்பி ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பேணியை என் பக்கம் நீட்டுவார். நான் வேண்டாம் என்பேன். ஆறு வருடத்துக்கு நான் கணக்குத் தீர்க்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்படி இல்லை. நான் விளக்கிச் சொல்லவும் இல்லை.

பெரிய மச்சான் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மச்சான், அவர் இருக்கேக்கை ஒருநாளும் நீ அவரோடை இருந்து எடுக்கேல்லை. இண்டைக்கு மனுசன் படத்திலை இருந்து பாக்குது. இண்டைக்கும் மாட்டன் எண்டுவியோ?"

"எனக்குப் பழக்கம் இல்லை."

"பழக்கத்தை ஆர் கேட்டது? இது குடியே? இது படையல்."

உள்ளே இருந்து மாமியும் சொன்னா. "ஓம் தம்பி. இது குடியில்லை. அவருக்குச் செய்யிற கடமை."

மாமி சொன்ன பிறகு வேறு கதை இல்லை. நான் போத்தலுக்கு முன்னால் இருந்தேன்.

காலையில் இருந்து அடுப்புக்கு விறகு கொத்தி, ஆடு உரித்து, தண்ணீர் அள்ளி, நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வெய்யில் நெருப்பு. சின்ன மச்சான் ஓட்டோவில் போக முதல் ஒரு சோடா தந்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்த வேலை முறை ஒன்றுதான். தொடங்கினால் முடிப்பது. பெரிய மச்சான் ஒரு பேணி எடுத்துவிட்டு மாமரத்துக்குக் கீழே சரிந்துவிட்டார். மற்றதை நான் முடித்தேன். பொழுது சாயும்போது வெறும் போத்தலைப் படலைக்கு வெளியே கவிழ்த்து வைத்தேன். உள்ளே வந்து படத்தைப் பார்த்து, "மாமா, முடிஞ்சுது" என்றேன். பாயைப் போட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பினேன். தலை இடித்தது. அது எல்லோரும் சொல்வதுதான், பெரிதாக எடுக்கவில்லை.

நான் ஒருவரின் உழவு மெசின் ஓட்டுகிறவன். மழைக்கு முதல் புழுதி உழவு தொடங்க வேண்டும். அந்த ஒன்றரை மாதம்தான் எங்கள் வீட்டுக்கு வருடச் சோறு. வியாழக்கிழமை வயலில் இறங்குவது என்று முதலாளியோடு பேச்சு. அதற்கு முதல் மெசினைப் பார்த்து வைப்போம் என்று அந்தக் காலையே போனேன். டீசல் கலனைத் தூக்கினேன். அப்போது நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது.

குளத்தில் பிடித்த விராலை வாளியில் விட்டால் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். பிறகு திடீரென்று ஒரு துள்ளு. அப்படி இருந்தது. நோவு இல்லை. கலனை இறக்கி வைத்துவிட்டு மெசினின் சில்லில் இருந்தேன். பயம் வரவில்லை. இது என்ன என்றுதான் முதலில் நினைத்தேன்.

மணிக்கட்டில் விரலை வைத்தேன். அடித்தது. அடித்தது. நின்றது. பிறகு மூன்று அடி ஒன்றாக ஓடியது. பிறகு ஒரு மெல்லிய அடி, இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி. பிறகு ஒரு பெரிய அடி.

டீசல் குழாயில் காற்று இழுத்தால் மெசினும் விட்டு விட்டு அடிக்கும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கும். கொஞ்ச நேரம் கேட்டால் அடுத்தது எப்போது தவறும் என்று பிடித்துவிடலாம். இதற்கும் முறை இருக்கும் என்று நினைத்து நான் வெகுநேரம் அங்கேயே இருந்தேன். அடுத்தது இப்போது வரும் என்று நினைப்பேன். வராது. இப்போது வராது என்று நினைப்பேன். இரண்டு வரும். ஒரு தடவையும் நான் வெல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள்.

"கையைத் தா" என்றேன்.

"ஏன்?"

"தா."

ஒரு கையால் அவளுடைய நாடியைப் பிடித்தேன். மற்றக் கையை என் நெஞ்சில் வைத்தேன். அவளுடையது சீராகப் போனது, அளந்து நட்ட வேலிக் கதியால் மாதிரி. என்னுடையது மாடு பிய்த்த வேலி.

"உங்களுக்கு என்ன விசரோ? காலமை வெள்ளன வந்து கை பிடிக்கிறியள். துருவின கை, விடுங்கோ."

"என்ரை நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிக்குது."

"எப்பிடி ஒழுங்கில்லாமல்?"

சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதில் அடித்துக் காட்டினேன். கொஞ்சம் அடித்ததும் கை ஒழுங்குக்கு வந்துவிட்டது. திரும்ப அடித்தேன். திரும்பவும் வந்துவிட்டது. மாமாவின் செத்த வீட்டுக்கு அடித்த பறை என் கைக்குள் நின்றதோ என்னவோ. ஒழுங்கில்லாமல் அடிக்க வேண்டும் என்று நினைத்தாலும் ஆளால் முடியாது. அது எனக்கு அதிசயமாக இருந்தது. கை செய்ய மாட்டாததை நெஞ்சு செய்கிறது.

"அப்பிடி ஒண்டும் பிழையாத் தெரியேல்லையே" என்றாள் வாளியைக் கேட்டுவிட்டு.

"வாளியை விடு. இஞ்சை பார்."

என் மணிக்கட்டில் விரலை வைத்தாள். வைத்தபடி இருந்தாள். துருவலைக்கு முன்னால் இருந்தவள் எழும்பினாள்.

"அம்மா!" என்று கத்தினாள்.

அவள் கத்தியதற்குக் காரணம் இருக்கிறது. மாமா வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், பிறகு எழும்பவில்லை. அவரைத் தூக்கி வந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். அது நடந்து ஒன்பது நாள்தான்.

மாமி வந்து பார்த்தா. "வாய்வு" என்றா. உள்ளியும் இஞ்சியும் இடித்துச் சுடுதண்ணீரில் கரைத்துத் தந்தா. குடித்தேன். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. நெஞ்சு தன் பாட்டில் இருந்தது. ஏப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரிந்துகொண்டேன்.

கண் சிவந்தபடி பெரிய மச்சான் மாமரத்தடியில் இருந்து வந்தார்.

"எடுத்ததாலை வந்தது, திரும்ப எடுத்தாத்தான் போகும். ஒரு அரைப் பேணி. நான் கொண்டு வாறன்."

"அண்ணை, நீ இதிலை நிண்டால் விளக்குமாறு பறக்கும்" என்றாள் என் மனைவி.

"நல்லதுக்குச் சொன்னன் பிள்ளை."

"உன்ரை நல்லதை நீயே குடி."

ஆஸ்பத்திரிக்குப் போகவென்று மனைவியோடு படலையில் நின்ற ஓட்டோவுக்கு நடந்தேன். முப்பது அடி இருக்காது. மூச்சு வாங்கியது. நாள் முழுக்கக் கலப்பை கட்டிக் கழற்றுகிற எனக்கு முப்பது அடியில் மூச்சு வாங்கியது. அப்போதுதான் பயந்தேன். சின்ன மச்சான் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

"அத்தான், நித்திரை கொள்ளாதேங்கோ."

"கொள்ளேல்லை. நீ றோட்டைப் பார்."

ஆஸ்பத்திரியில் மேற்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தாதி மிஸ்ஸி ஒருவர் நெஞ்சில் களி பூசி வயர்களை ஒட்டினா. பெட்டிக்குள் இருந்து கோடு போட்ட கடதாசி வந்தது. டொக்டர் சின்ன வயதுப் பெண். கடதாசியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு குழாயை என் நெஞ்சில் வைத்தா. மிஸ்ஸி என் கையைப் பிடித்தா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். மணிக்கூட்டைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம்.

"நூற்றி முப்பத்தெட்டு" என்றா டொக்டர்.

"நூற்றிப் பதினாறு" என்றா மிஸ்ஸி.

யாரோ பிழையாக எண்ணிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் இரண்டையும் எழுதினார்கள்.

"டொக்டர், மிச்சம் எங்கை போனது?" என்று கேட்டேன்.

மிஸ்ஸி சிரித்தா. டொக்டர் சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி ஐயா. நெஞ்சு அடிச்சதுதான். ஆனா உள்ளுக்கு ரத்தம் நிரம்ப முதலே அடிச்சுப்போட்டுது. வெறும் அடி. அது கைவரைக்கும் வராது."

தண்ணீர் ஏற முதல் பம்ப் சும்மா சுத்துவது எனக்குத் தெரியும். நெஞ்சும் அப்படிச் செய்யும் என்பது தெரியாது. இருபத்திரண்டு அடி ஒரு நிமிடத்துக்கு வீண்.

பிறகு கேள்விகள் வந்தன.

"குடும்பத்திலை ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருக்கோ?"

"அப்பா இப்பத்தான் நெஞ்சாலை மோசம் போனவர்" என்றாள் மனைவி.

டொக்டர் எழுதினா. எழுதிவிட்டு நிமிர்ந்தா. "இவரின்ரை அப்பாவோ?"

"இல்லை, என்ரை அப்பா."

டொக்டர் எழுதியதை வெட்டினா.

"உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ?"

"இடது தோளிலை சண்டைக்குள்ளை பட்ட ஒரு செல் துண்டு. சின்னன்."

"நோகுதோ?"

"மழை இருட்டினால் மட்டும்."

"குடிப்பீங்களோ?"

"இல்லை" என்றேன்.

"இல்லை டொக்டர், அந்தப் பழக்கமே இல்லை" என்றாள் மனைவியும்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. நேற்றைய பின்னேரம் எனக்கு நினைவில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலாக வரும் என்று மனதில் படவில்லை. டொக்டர் குனிந்து என் வாயை மணந்தும் பார்த்தா. மாமியின் உள்ளி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

இரத்தம் எடுத்தார்கள். கழுத்துச் சுரப்பியில் பிழை இருந்தாலும் இப்படி வருமாம். சின்ன வயதில் காய்ச்சல் வந்து நெஞ்சின் கதவு பழுதானாலும் வருமாம். நெஞ்சுக்குள் கதவு இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். எத்தனை கதவு என்று கேட்டேன். நான்கு என்றா. ஒரு ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, வாட்டில் படுக்க விட்டார்கள்.

மத்தியானம் டொக்டர் வந்து எங்கள் இரண்டு பேரையும் வைத்துக் கதைத்தா.

"இது ஏன் வந்ததெண்டு பிடிபடேல்லை. நாளைக்குக் காலமை வரை பாப்பம். தானாத் திரும்பாட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவம். அங்கை மயக்கிப்போட்டு, நெஞ்சுக்குக் கரண்ட் குடுத்துத் திருப்புவினம்."

"பிறகு?" என்றாள் மனைவி.

"பிறகு குளிசை. ஒழுங்கில்லாமல் அடிக்கிற நெஞ்சுக்குள்ளை ரத்தம் கட்டிபடும். அது தலைக்குப் போனால் பாரிசவாதம். அதுக்கு ரத்தத்தை இளக வைக்கிற குளிசை. அதைக் குடிக்கிற ஆளுக்கு வெட்டுக் காயம் பட்டால் லேசிலை நிக்காது. உழவு மெசின் வேலையை மறக்க வேண்டி வரும்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்றேன்.

"காரணம் தெரியாட்டி நான் என்னெண்டு சொல்லுறது? முழுக்கவாவும் இருக்கலாம்."

மனைவி நிலத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அவள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. கதைத்தால் இரண்டு பேரும் அழ வேண்டி வரும். அது வாட்.

ஈ.சி.ஜி. கடதாசியைக் கொஞ்ச நேரம் தரமுடியுமா என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். "விளங்குமோ?" என்றா. "சும்மா பாக்க" என்றேன். தந்தா. கோடு மேலே குத்திக் குத்திப் போனது. ஒவ்வொரு குத்தும் ஒரு அடி. குத்துக்கும் குத்துக்கும் இடையில் வெளி. பிஸ்கற் சரையின் ஓரத்தைக் கிழித்து, முதல் வெளியை நகத்தால் அடையாளம் போட்டு, அடுத்த வெளியில் வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கடைசி வரை வைத்துப் பார்த்தேன். எந்த இரண்டும் ஒன்றில்லை. ஒரு கடதாசி முழுக்க ஒரு இடத்தில்கூடத் தவறியும் ஒத்துவரவில்லை. இதைச் செய்யச் சொல்லி ஒரு ஆளிடம் கொடுத்தால் அவனால் ஏலாது.

பின்னேரம் பார்க்கிற நேரத்துக்கு மாமி வந்தா. முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை புருசன் செத்தவர்கள் படலை தாண்டுவதில்லை. மாமி தாண்டி, ஓட்டோவில் ஏறி, கஞ்சிப் போத்தலோடு வந்திருந்தா. வெள்ளைச் சேலையைக் கண்டு பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி இருந்தார்.

"திரும்பிச்சோ?" என்று கேட்டா.

"இல்லை மாமி."

கட்டிலின் ஓரத்தில் இருந்தா. அந்த நேரம் டொக்டர் சுற்றி வந்தா.

"அம்மா, நீங்கள் இவருக்கு ஆர்?"

"மாமி."

"நல்லதாப் போச்சு. நீங்கள் எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. இவர் வீட்டிலை குடிக்கிறவரோ?"

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிள்ளை, என்ரை மருமோனைப் போலை ஒரு ஆம்பிளையை எங்கடை ஊரிலை ஒருக்காக் காட்டும் பாப்பம். தொடுறேல்லை. நேற்று ஒரு போத்தலைத் தனிய இருந்து முடிச்சவர். ஒரு சத்தம் இல்லை, ஒரு தூசணம் இல்லை. பாயைப் போட்டுப் படுத்தவர். அப்பிடிப்பட்ட பிள்ளையைப் பிடிச்சு…"

டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினா.

"எந்தப் போத்தல்?"

"அவருக்குப் படைச்சது."

"ஆருக்கு?"

"என்ரை மனுசனுக்கு."

"அவர் மோசம் போனவர் எல்லோ?"

"அதாலைதானே பிள்ளை படைச்சது."

பக்கத்துக் கட்டில்காரர் முதலில் சிரித்தார். அவருக்கு வயிற்றில் தையல். சிரித்துவிட்டு "ஐயோ" என்று வயிற்றைப் பிடித்தார். பிறகு மிஸ்ஸி சிரித்தா. மனைவிக்கு என்ன நடக்கிறது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் வாயைச் சேலையால் மூடினாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பினா. "ஐயா, காலமை நான் கேக்கேக்கை ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"குடிப்பீங்களோ எண்டு கேட்டனீங்கள். நான் குடிக்கிறேல்லை."

"நேற்றுக் குடிச்சனீங்கள்தானே?"

"அது படையல்."

அவா கடதாசியைத் திரும்ப எடுத்தா. "உங்கடை நெஞ்சுக்கு அது தெரியாதே ஐயா" என்றா.

எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. முகம் மாறியிருந்தது. காலையில் இருந்த இறுக்கம் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சொன்னா. ஒரே இருப்பில் கனக்கக் குடித்தால் இப்படி வரலாமாம். நெஞ்சில் வேறு வருத்தமே இல்லாத ஆளுக்கும் வருமாம். பெருநாள், கலியாணம், திருவிழா முடிந்த அடுத்த நாட்களில் இப்படி ஆட்கள் வருவார்களாம். எட்டுப் படையலுக்கு வந்த ஆள் அவா கண்ட அளவில் நான்தான் முதல்.

"உள்ளுக்கு என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"நெஞ்சிலை மேலை ரெண்டு அறை, கீழை ரெண்டு அறை. மேலறை சுருங்கி ஒரு சொல்லுச் சொல்லும். கீழறை அதைக் கேட்டு அடிக்கும். இப்ப உங்கடை மேலறை சுருங்கேல்லை. சும்மா நடுங்குது. நூறு பேர் ஒரேயடியாக் கத்தின மாதிரி. கீழறைக்கு ஆரின்ரை சொல்லைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. அம்பிட்டதைக் கேட்டு அடிக்குது."

எனக்கு விளங்கியது. இன்னொன்று விளங்கவில்லை.

"குடிச்ச நேரம் நல்லாத்தானே இருந்தனான். ஏன் விடிஞ்சாப் பிறகு வந்தது?"

"வெறி இறங்கேக்கை உடம்பு முறுகும். தண்ணியும் உப்பும் உடம்பிலை குறைஞ்சிருக்கும். அதுகளாலை எண்டு சொல்லுவினம். ஏன் ஒருத்தருக்கு வருது, பக்கத்திலை இருந்து குடிச்சவருக்கு வரேல்லை எண்டு கேட்டால், உண்மையாச் சொன்னால் முழுக்கத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன டொக்டரை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அதனால் அவா சொன்ன மற்றவற்றையும் நம்பினேன்.

"அப்ப திரும்புமோ?" மனைவி கேட்டாள்.

"காரணம் இதுவெண்டால், ஒரு நாளுக்குள்ளை தானாத் திரும்ப நல்ல இடம் இருக்கு. திரும்பினால் யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை. கிளினிக்குக்கு வந்து காட்டிக்கொண்டு, மெசினும் ஓட்டலாம். ஆனா இனிமேல் ஒரு சொட்டும் ஆகாது. படையலும் சேத்துத்தான் சொல்லுறன்." எழும்பிக்கொண்டு, "திரும்பாட்டி நான் மத்தியானம் சொன்னதுதான்" என்றா.

அவா போன பிறகு மாமி கஞ்சிப் போத்தலைத் திறந்தா. திறந்துவிட்டு ஊற்றாமல் இருந்தா.

"கடமை எண்டு நான்தானே தம்பி சொன்னனான்."

"விடுங்கோ மாமி."

கஞ்சியை ஊற்றித் தந்தா. நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்து சொன்னா. "அவரும் சில நாள் காலமையிலை நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு கதிரையிலை இருப்பார். என்னப்பா எண்டு கேட்டால், சும்மா எண்டுவார்."

"எத்தினை வரியமா?"

"கன வரியம். நான் பேந்து கேக்கிறேல்லை."

மாமாவும் கைக்குள் இதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தாரா என்று யோசித்தேன். அவரும் அடுத்த அடி எப்போது வரும் என்று பார்த்திருப்பாரா. இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பின்னேரங்களில் நான் பக்கத்தில் போய் இருந்திருந்தால், குடிக்காவிட்டாலும், ஒருநாள் சொல்லியிருப்பார். அதை இனி யாரிடம் கேட்பது.

மணி அடித்ததும் மாமியையும் மனைவியையும் போகச் சொன்னார்கள். ஆம்பிளைகளின் வாட்டில் பெண்கள் நிற்க முடியாது. மனைவி போக முதல் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதனால் தெரிந்தது, இன்னும் அப்படித்தான் என்று.

நான் விரலை எடுக்காமல் படுத்தேன். கேட்டபடியே நித்திரையாகிவிட்டேன்.

விடிய வாட்டைக் கழுவுகிற வாளிச் சத்தத்தில் முழித்தேன். ஏதோ குறைந்திருந்தது. என்ன என்று தெரியவில்லை. வெகுநேரம் இரைந்துகொண்டிருந்த அரிசி மில்லை நிறுத்தினால் காதுக்கு ஒரு மாதிரி இருக்குமே, அப்படி. பிறகு நெஞ்சை நினைத்தேன். நினைக்க வேண்டியிருந்தது. நேற்று முழுக்க அது என்னை விடவில்லை.

விரலை வைத்தேன். ஒன்று. வெளி. ஒன்று. வெளி. ஒன்று.

நம்பவில்லை. இரவு முழுக்கக் கேட்டுக் கேட்டு மனது தானே ஒரு ஒழுங்கைப் போடுகிறதோ என்று நினைத்தேன். வாளியில் அடித்தபோது கை அப்படித்தானே ஏமாற்றியது. விரலை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர், "எப்பிடி, மாமா இறங்கிட்டாரோ?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன்.

ஆறரைக்கு மனைவி தேத்தண்ணிப் போத்தலோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளும் கேட்கவில்லை. என் கையைத் தொடவும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றால் தேவைப்படும் என்று உடுப்புப் பையும் கொண்டு வந்திருந்தாள். அதை நிலத்தில் வைக்காமல் தோளிலேயே வைத்திருந்தாள்.

டொக்டரும் மிஸ்ஸியும் வந்தார்கள். டொக்டர் குழாயை என் நெஞ்சில் வைத்தா. அவாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிஸ்ஸி என் மணிக்கட்டைப் பிடித்து, சட்டையில் குத்தியிருந்த மணிக்கூட்டைத் திருப்பினா. அவாவின் உதடு மெல்ல அசைந்தது. என் மனைவி அந்த உதட்டைப் பார்த்தபடி நின்றாள். நான் மனைவியைப் பார்த்தேன். வாட்டில் யாரோ இருமினார்கள். மிஸ்ஸி கையைக் கீழே வைத்தா.

"எழுபத்தாறு" என்றா மிஸ்ஸி.

"எழுபத்தாறு" என்றா டொக்டரும்.